கண்ணை விற்று வாங்கும் வீரம்

மேடையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொள்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம் ஊர்களில் எழுதி வைக்காத சட்டம். சென்ற பொங்கலை ஒட்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் நடந்த சிலம்ப அரங்கேற்றத்தில் அந்தச் சட்டத்தை நானும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டேன். சோடா கொடுத்தார்கள், குடித்தேன். பேச வேண்டிய இடத்தில் மட்டும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அம்மன் கோயில் பொட்டலில் மணல் பரப்பி, குழல் விளக்குக் கட்டியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள், அவர்களில் பாதிப்பேர் பெண் குழந்தைகள். பார்க்கவே கண் நிறைந்தது. சலாம் வரிசை எடுத்தார்கள். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, கடைசியில் தீப்பந்தம் என்று சுற்றினார்கள். கூட்டம் விசில் அடித்தது. அதன் பிறகு ஜோடி ஜோடியாகக் கம்புச் சண்டை தொடங்கியது.

மூன்றாவது ஜோடியில் ஒரு பையன் வந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். தலையில் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் போடுகிற ஹெல்மெட்; முகத்துக்கு முன்னால் கம்பி அடைப்பு. வாத்தியார் அவனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

“என்ன தம்பி, பைக் ஓட்டவா வந்திருக்க? பொம்பளைப் பிள்ளைகளே வெறுந்தலையோட நிக்குதுக. கழட்டுப்பா அத!”

கூட்டம் சிரித்தது. பையன் ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்தான். அவனுடைய தகப்பனார் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். நான் மேடையில் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதுதான் இந்த விஷயத்தில் பெரிய அபாயம். பத்து தடவை ஒன்றும் ஆகாவிட்டால் பதினோராவது தடவையும் ஆகாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் நான் அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரியின் கம்பு எழும்போதெல்லாம் அவனுக்கு முன்னங்கால் பின்னால் போயிற்று, கண் மூடிற்று. ஹெல்மெட்டோடு நடந்து வந்தபோது அந்தக் கால்கள் அப்படி இல்லை. எதிரே நின்ற பையன் மட்டும் சளைத்தவனா? அவனும் அடிக்கவில்லை. எட்டாத தூரத்தில் நின்று காற்றை அடித்தான். இருவரும் மூன்று நிமிஷம் காற்றோடு சண்டை போட்டுவிட்டுக் கும்பிட்டு வெளியேறினார்கள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வாத்தியாரிடம் கேட்டேன்: “ஏன் வாத்தியாரே, அந்தப் பிள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் ஆடட்டுமே?”

“ஐயா, நீங்க கதை எழுதுறவுக. கம்பு பிடிச்சிருந்தாத் தெரியும். அடி பட்டாத்தான் கம்பு படியும். எங்க வாத்தியாரு தொப்பி மாட்டிவிட்டா எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு?”

அவர் நல்ல மனிதர். பகலெல்லாம் தோட்ட வேலை பார்த்துவிட்டு, சாயங்காலத்தில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறவர். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் சிலம்பம் என்றோ புதைந்திருக்கும். என் சண்டை அவரோடு அல்ல. அவர் வாயில் புகுந்து பேசிய எண்ணத்தோடு. அந்த எண்ணம் தமிழ்நாடு முழுவதும் பல வாய்களில் பேசிக்கொண்டிருக்கிறது.

கம்பு பிடித்திருந்தால் தெரியும் என்றார். பிடித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். வாசகர்களிடம் சொல்கிறேன்.

ஆண்டு 1973. தேனி மாவட்டம் பிறந்தது 1996இல். அப்போது எங்கள் ஊரும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, முல்லையாற்று வாய்க்கால் ஓரத்துத் தென்னந்தோப்பில் எங்களுக்குச் சிலம்பம் கற்றுக் கொடுத்தார்கள். எனக்கு வயது பதின்மூன்று. எம்.ஜி.ஆர். படத்தில் கம்பு சுற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து நாள் முழுவதும் கை பரபரத்துக்கொண்டிருந்த காலம். படத்தில் எந்த அடியும் யார் மேலும் விழுவதில்லை என்பதை யோசிக்கிற வயசு இல்லை.

எனக்கு ஜோடி என் உயிர்ச் சிநேகிதன். என் கம்பில் ஒரு விரிசல் இருந்தது. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். சணல் சுற்றி வைத்திருந்தேன். புதுக் கம்பு கேட்டால் வீட்டில் உதை விழும். அன்று சாயங்காலம் வாத்தியார் சொன்னபடி காலை மாற்றி வைத்து, இடுப்பைத் திருப்பி, முழு வேகத்தில் தலைக்கு வீசினேன். அவன் அழகாகத் தடுத்தான். இரண்டு கம்பும் மோதின. என் கம்பு நெடுகப் பிளந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிலாம்பு தெறித்து அவனுடைய இடது கண்ணில் ஏறியது.

மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலும் மதுரைக்குக் கொண்டு போனார்கள். கண் போய்விட்டது. ஊரில் எல்லாரும் ‘விதி’ என்றார்கள். வாத்தியார் மூன்று மாதம் தோப்புப் பக்கம் வரவில்லை. நாலாவது மாதம் வந்தார். விரிசல் விழாத கம்புகளோடு எல்லாம் பழையபடி நடந்தது. நான் அதற்குப் பிறகு கம்பைத் தொடவில்லை.

அரங்கேற்றத்தில் ஹெல்மெட்டோடு வந்த பையன் அந்தச் சிநேகிதனுடைய பேரன்.

இப்போது சொல்லுங்கள். நான் மேடையில் பேசாமல் இருந்தது சம்பிரதாயமா, கோழைத்தனமா?

*

வீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் கிழக்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜப்பான்காரனைக் கோழை என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. வாளைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்ட சாமுராய்களின் தேசம் அது. அந்தத் தேசத்தில் வாள்வீச்சைக் கற்றுக்கொள்ள இன்றைக்கு ஒரு பிள்ளை போனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தலைமுதல் இடுப்புவரை கவசம் மாட்டிவிடுகிறார்கள்.

அந்தக் கலைக்குக் கெண்டோ என்று பெயர். தலைக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் சேர்த்து ‘மென்’ என்று ஒரு கவசம். பஞ்சு வைத்துத் தைத்த கெட்டித் துணி. முகத்துக்கு முன்னால் உலோகக் கம்பிகள். கைக்கு ‘கோத்தே’ என்ற தடித்த உறை. மார்புக்கும் வயிற்றுக்கும் ‘தோ’. இடுப்புக்கும் தொடைக்கும் ‘தாரே’. கையில் இரும்பு வாள் இல்லை. நாலு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, நுனியிலும் பிடியிலும் தோல் உறை மாட்டிக் கட்டிய ‘ஷினாய்’ என்ற தடி. அடித்தால் பட்டைகள் வளைந்து கொடுக்கும்; எலும்பு முறியாது.

இதெல்லாம் ஏதோ பட்டணத்துப் பணக்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்த சொகுசு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிலும் ஆதியில் நம் கதைதான். கட்டை வாளால் பழகினார்கள். கட்டை வாள் என்றால் விளையாட்டுச் சாமான் அல்ல. மியமோட்டோ முசாஷி என்ற மகா வீரன் 1612இல் படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்த கட்டை வாளாலேயே சசாக்கி கொஜிரோவைக் கொன்றான் என்று அந்நாட்டுக் கதை சொல்லும். அப்படிப்பட்ட ஆயுதத்தால் தினமும் முழு வேகத்தில் அடித்துப் பழக முடியுமா? முடியாது. ஆகவே, நீ இப்படி அடி, நான் இப்படித் தடுக்கிறேன் என்று முன்கூட்டியே பேசி வைத்த வரிசைகளாகவே பெரும்பாலும் பழகிவந்தார்கள். போர்கள் ஓய்ந்த காலம் வந்தது. வரிசைகள் அழகாயின, அடி செத்துப்போயிற்று.

அப்போதுதான், 1710களில், நகனுமா ஷிரோசாயமோன் என்ற வாத்தியார் கவசத்தையும் மூங்கில் ஷினாயையும் சீர்படுத்தித் தம் சீடர்களை உண்மையாகவே அடித்துப் பழகச் சொன்னார். 1750களிலும் 60களிலும் நகனிஷி என்ற இன்னொரு வாத்தியார் இரும்புக் கம்பி முகமூடியையும் மூங்கில் மார்புக் கவசத்தையும் தம் கூடத்தில் புகுத்தினார். உடனே எல்லாரும் மாலை போட்டார்களா? இல்லை. ‘இது வாள்வித்தையே அல்ல’ என்று முகம் சுளித்துக் கூடத்தை விட்டுப் போனவர்கள் அங்கேயும் இருந்தார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் தோற்றுப்போன வாதத்தைத்தான் நம் வாத்தியார்கள் இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாகக் கண்டுபிடித்துப் பேசுகிறார்கள்!

தோற்றுப்போனது ஏன்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கவசம் அடி வாங்குகிறவனுக்காக ஏற்பட்டது என்று நாம் நினைக்கிறோம். பாதிதான் சரி. கவசம் அடிக்கிறவனுக்காகவும் ஏற்பட்டது. எதிரே நிற்கிறவன் என் சிநேகிதன். அவன் கண் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை மனசாட்சியுள்ள எவனும் முழு அடி அடிக்க மாட்டான். கடைசி நொடியில் கை தானாகவே இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்காகக் கையை இழுத்து இழுத்துப் பழகியவனுக்கு அடிக்கவே தெரியாமல் போய்விடும். கவசம் வந்த பிறகுதான் கெண்டோக்காரன் கூச்சமில்லாமல் முன்னே பாய்ந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, முழு மூச்சோடு அடிக்கக் கற்றான். அங்கே கோழைத்தனத்தை ஒழித்ததே கவசம்தான்.

நம் கதி என்ன? கவசம் இல்லாத வீரத்தால் நம் சிலம்பம் வரவரச் சுற்று வித்தையாகிவிட்டது. தீப்பந்தம் சுற்றுகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைக்கிறோம். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பம்பரமாய்ச் சுழல்கிறோம். எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே ஒரு மனிதன் நின்று மெய்யாகவே அடித்தால் தடுக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் என்று அந்த வாத்தியாரே தனியாக உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். அடி பட்டால்தான் கம்பு படியும் என்கிறாரே, வாஸ்தவம். அடி விழ வேண்டுமானால் முதலில் அடி விழக்கூடிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டாமா?

*

இனி, எதிர்த்தரப்பு வாதங்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றையும் நான் காது குளிரக் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதம்: கவசம் போட்டால் ஜாக்கிரதை போய்விடும். இது முட்டாள்தனமான வாதம் அல்ல. இருப்பதற்குள் யோக்கியமான வாதம் இதுதான். ஆகவே மரியாதையோடு பதில் சொல்கிறேன். கெண்டோவில் சேர்ந்த அன்றைக்கே கவசத்தைக் கொடுத்துவிடுவதில்லை. பல மாதம் வெறும் உடையில் காலடியும் வீச்சுமே பழக வேண்டும். உடம்பு அடங்கின பிறகுதான் கவசம். கவசம் வந்த பிறகும் கட்டை வாளால், கவசமில்லாமல், ஆடுகிற வரிசைகளை அவர்கள் கைவிடவில்லை. 1912இல் தொகுத்த பத்து வரிசைகள் இன்றும் உண்டு. அங்கே வாள் எதிரியின் நெற்றிக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். அதாவது, நிறுத்தக் கற்றுக்கொள்ள ஒரு பாடம். நிறுத்தாமல் அடிக்கக் கற்றுக்கொள்ள இன்னொரு பாடம். முன்னதற்குக் கவசம் இல்லை. பின்னதற்குக் கவசம் உண்டு. நாம் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டு, ஜாக்கிரதையைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னொன்று. அவர்கள் கவசத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. எங்கே கவசம் இருக்கிறதோ அங்கேதான் அடிக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள்: தலை, மணிக்கட்டு, விலாப்புறம். தொண்டைக்கு ஒரு குத்து உண்டு; அது சிறு பிள்ளைகளுக்குக் கிடையாது. ஷினாயைக் கையில் எடுத்ததும் பட்டையில் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, நுனித் தோல் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உடைந்த ஷினாயின் சிலாம்பு முகக் கம்பிகளின் இடைவெளிக்குள் புகுந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு ஷினாயையும் அதிகாரிகள் பரிசோதிக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சணல் சுற்றிய என் கம்பை 1973இல் யாராவது விரலால் தடவிப் பார்த்திருந்தால்? அதற்குக் காசுகூட வேண்டாமே!

இரண்டாவது வாதம்: கவசம் தமிழ் மரபில் இல்லை. இதைச் சொல்கிறவர்கள் தமிழையாவது படித்திருக்கிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ‘மெய்ம்மறை’ என்று கவசத்துக்கு அழகான சங்கத்தமிழ்ச் சொல்லே இருக்கிறது. சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து, வீரர்களுக்கு அரசனே மெய்ம்மறை என்கிறது. வீரனுக்குக் கவசம் அவமானம் என்றால் அந்தப் புலவர்கள் அரசனை அப்படி அழைத்திருப்பார்களா? கூத்தில் விடிய விடியக் கர்ணனைப் பார்த்து அழுகிறோம். அவன் கவசத்தைக் கொடுத்தது கொடையினால்; ‘கவசம் கோழைக்குத்தான்’ என்று வெட்கப்பட்டு அதை அவன் கழற்றி மணலில் வைக்கவில்லை. அவ்வளவு ஏன், செவ்வாய்க்கிழமை விடிந்தால் நம் வீடுகளில் கந்த சஷ்டி கவசம் ஒலிக்கிறது. அது என்ன பாட்டு? தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் அங்கமாகப் பெயர் சொல்லி, இதைக் காப்பாற்று, அதைக் காப்பாற்று என்று வேலவனிடம் முறையிடுகிற பாட்டு. கண்ணுக்கும் அதிலே காப்புக் கேட்கிறோம். காலையில் கண்ணைக் காக்கச் சொல்லி முருகனிடம் விண்ணப்பம். சாயங்காலத்தில் அதே பிள்ளையின் முகத்திலிருந்து கம்பியைக் கழற்றச் சொல்லி அதட்டல். முருகன் எந்தக் கட்டளையைக் கேட்பான்?

மூன்றாவது வாதம்: ஆண்பிள்ளை என்றால் நாலு அடி பட வேண்டும். சரி, படட்டும். கெண்டோக் கவசத்துக்குள்ளும் அடி வலிக்கும், முழங்கை கன்றிப்போகும். யாரும் பஞ்சு மெத்தையில் படுத்துக்கொண்டு வாள் வீசுவதில்லை. கன்றிப்போன முழங்கை நாலு நாளில் ஆறும்; குத்துப்பட்ட கண் ஆறாது. வலிக்கும் ஊனத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருக்கலாமா?

குரோசாவா 1954இல் எடுத்த ‘ஏழு சாமுராய்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். இரண்டு வீரர்கள் கழிகளால் மோதிப் பார்க்கிறார்கள். ஒருவன் ‘சமம்’ என்கிறான். மற்றவன், நிஜ வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறான். முதல்வனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது, நிஜ வாளை எடுத்தே தீர வேண்டும் என்று துள்ளுகிறான், எடுக்கிறான், சாகிறான். அந்தக் காட்சியில் யார் வீரன்? அமைதியாக நின்றவனா, ரோஷத்தில் செத்தவனா? நம் பொட்டல்களில் கைதட்டல் முழுவதும் இரண்டாவது ஆளுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் நாட்டுக் கதையைச் சொல்கிறேன். 1962இல் பார்படோஸில் இந்தியக் கிரிக்கெட் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் கிரிஃபித்தின் பந்து பட்டு மண்டை ஓடு உடைந்தது. உயிர் பிழைத்தார், மறுபடி அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. 1970களின் இறுதியில் ஆட்டக்காரர்கள் ஹெல்மெட் போடத் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. 1998இல் டாக்காவில், மட்டைக்கு அருகே ஹெல்மெட் இல்லாமல் நின்று பந்து தடுத்த ராமன் லம்பா தலையில் அடிபட்டு இறந்துபோனார். இன்றைக்குக் கம்பத்துத் தெருவில் சினிமாவுக்குப் போகக் காசில்லாத பையன்கூட, மட்டை பிடித்தால் ஹெல்மெட் கேட்கிறான். அவனை யாரும் கோழை என்பதில்லை.

நம் சல்லிக்கட்டையே பாருங்கள். அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் காளை அவிழ்ப்பதைவிடப் பெரிய வீரம் இந்த மாவட்டத்தில் வேறென்ன இருக்கிறது? சட்டம் போட்ட பிறகு அங்கே இரட்டைத் தடுப்பு வேலி வந்தது. களத்தில் இறங்குமுன் வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. அதனால் காளையின் கொம்பு மழுங்கிவிட்டதா? பிடிக்கிறவனின் மீசை உதிர்ந்துவிட்டதா?

நான்காவது வாதம்: ஏழைப் பிள்ளைகள், காசுக்கு எங்கே போவது? இது நியாயமான கவலை. ஆனால் ஜப்பானிலிருந்து கெண்டோக் கவசத்தைக் கப்பலில் வரவழைக்க நான் சொல்லவில்லை. அது நமக்குப் பொருந்தவும் பொருந்தாது. கெண்டோவில் இடுப்புக்குக் கீழே அடி கிடையாது. நம் கம்பு உச்சந்தலையிலிருந்து கணுக்கால்வரை எங்கே வேண்டுமானாலும் வரும். நமக்கு வேண்டியது நம் கம்புக்கேற்ற கவசம். முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட். விரலுக்குத் தடித்த உறை. மர்மஸ்தானத்துக்கு ஒரு மறைப்பு. முழங்காலுக்கு ஒரு பட்டை. சண்டைப் பயிற்சிக்குக் கல்மூங்கிலை விட்டு, நுனியில் துணி சுற்றிய பிரம்பு. ஒரு கூடத்துக்கு நாலு ஜோடி இருந்தால் போதும். முறை வைத்து மாட்டிக்கொள்ளலாம். அன்றைய அரங்கேற்றத்தில் என் முகத்தையும் இன்னும் நாலு பேர் முகத்தையும் போட்டு ஆறு ஃபிளெக்ஸ் பலகை வைத்திருந்தார்கள். அந்த ஆறு பலகையையும் விட்டிருந்தால் இரண்டு பிள்ளைகளின் முகத்துக்குக் கம்பி வாங்கியிருக்கலாம்.

*

இன்றைக்குச் சிலம்பம் நல்ல நிலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். தலைக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டி ஆடுகிற போட்டிகளையும் இப்போது பார்க்க முடிகிறது. ‘அதுதான் போட்டியில் போடுகிறார்களே, போதாதா?’ என்று சிலர் கேட்பார்கள். போதாது. போட்டி வருஷத்தில் இரண்டு நாள். பயிற்சி இருநூறு நாள். கண் போவது மேடையில் அல்ல. மங்கலான வெளிச்சத்தில், தோப்பு ஓரத்தில், வாத்தியார் வேறு பக்கம் பார்க்கும்போது. அன்றியும், தினமும் வெறும் தலையோடு பழகிவிட்டு ஒருநாள் மட்டும் ஹெல்மெட் மாட்டினால் பார்வையும் மறைக்கும், மூச்சும் முட்டும். கவசத்துக்குள் ஆடுவதும் ஒரு பழக்கம்தான்.

சென்னைப் பெண் பவானி தேவியை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு வாள்வீச்சைத் தொடங்கிய பெண். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒலிம்பிக் வாள்சண்டைக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியராக நின்று, முதல் ஆட்டத்தை 15க்கு 3 என்று ஜெயித்தார். அவர் முகத்தில் கம்பி வலைக் கவசம் இருந்தது. அந்தக் கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிரியின் வாள் ஒடிந்து, முகமூடியைத் துளைத்து, விளாதிமிர் ஸ்மிர்னோவ் என்ற சோவியத் வீரர் மாண்டுபோனார். ‘கவசம் போட்டும் செத்தான், கவசம் எதற்கு?’ என்று அவர்கள் முகமூடியைத் தூக்கி எறியவில்லை. வலையைக் கெட்டியாக்கினார்கள், உடையை மாற்றினார்கள், வாள் செய்கிற எஃகையே மாற்றினார்கள். ஒருவனுடைய சாவிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். என் சிநேகிதனுடைய கண்ணிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? ‘விதி’ என்ற இரண்டெழுத்து.

அரங்கேற்றத்துக்கு மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில் கவாத்துக் கத்தரியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். பேரனுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தது அவன்தான். நான் மேடையில் இருந்ததும் அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானாகவே பழைய கதையை எடுத்தேன். ஐம்பது வருஷத்தில் அதை நாங்கள் பேசியதே இல்லை.

“அன்னைக்கு நீ அடிச்சது நல்ல அடிடா,” என்றான் அவன். “கால் சரியா வச்ச. இடுப்பு சரியாத் திருப்புன. நானும் சரியாத்தான் தடுத்தேன். ரெண்டு பேரும் தப்புப் பண்ணல. அதத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மறுபடியும் கொடியை வெட்டப் போய்விட்டான்.

சிலம்ப வாத்தியார்களே, தப்புச் செய்யாத இரண்டு பிள்ளைகளுக்கு இது நேர்ந்தது. உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொரு கம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் கண்டால் அடுப்பில் வையுங்கள். ஜோடிச் சண்டைக்கு நிற்கிற எந்தப் பிள்ளையின் முகமும் கம்பி இல்லாமல் இருக்க வேண்டாம். மூன்றாவது, முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். வாத்தியார் தலையில் இருக்கிற கவசத்தைப் பார்த்து எந்தக் கூட்டமும் சிரிக்காது.

என்னை மேடைக்கு அழைக்க நினைக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த அரங்கேற்றத்துக்கும் வருவேன். பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கி வையுங்கள். யாராவது ஒரு பிள்ளையின் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னால், இந்தத் தடவை மேடையை விட்டு இறங்கி வந்து அதை நானே அவன் தலையில் மாட்டிவிடுவேன்.